வெங்காயத்துக்கு முட்டு

காய்ச்சலில் படுத்திருந்த செண்பகவடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு புறவாசலுக்கு வந்தாள். தாள் சாய்ந்து கிடக்க வேண்டிய வெங்காயப் பாத்தி விறைப்பாக நின்றது. ஒவ்வொரு தாளையும் ஈர்க்குச்சியோடு சேர்த்து நூலால் கட்டியிருந்தார் புருஷன் ஆவுடையப்பன். பாத்தியில் தண்ணீர் தளும்பியது.

“என்ன செஞ்சு வச்சிருக்கிய?”

“நீ பாட்டுக்குப் படுத்துட்ட. எல்லாம் வாடி விழுந்துட்டுல்லா? நாந்தான் தூக்கி நிறுத்துனேன்.”

“வெளஞ்சா தாள் சாயத்தான் செய்யும். அதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி காட்டலாமா? பிரசவத்துக்கு வார மகளுக்குன்னு வளத்தேனே! பிடுங்கிப் பாருங்க.”

பிடுங்கினார். வெங்காயம் விரலுக்குள் கூழாகி நாறியது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“சரி, விடு. அதான் எந்திரிச்சு வந்துட்டியே, ஒரு காப்பி போடு.”

அவள் குனிந்து எல்லா ஈர்க்குச்சிகளையும் வெடுக் வெடுக்கென்று உருவினாள். தாள்கள் சரிந்தன. பிறகு அந்தச் சேற்றிலேயே கால் நீட்டிப் படுத்தாள்.

“ஏட்டி, ஈரத்துல என்ன கூத்து இது? எந்திரி!”

தூக்கிவிடக் குனிந்தார் ஆவுடையப்பன். அவர் கண்ணுக்கு நேராக ஈர்க்குச்சிக் கற்றை நீண்டது.

“தொட்டுப் பாருங்க.”