புல் முளைக்காத குறுக்கு வழி

"அந்தக் குறுக்கு வழியில யாரும் போறதில்லைங்க சேர். போனா பின்னாலயே ஒன்னு நடந்து வரும்."

தோட்டத் தலைவர் யோகேஸ்வரன் இப்படிச் சொன்னதும் நிரஞ்சனுக்குச் சிரிப்பு வந்தது.

பிரதேச சபையின் திட்டமிடல் உத்தியோகத்தர் அவன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாவற்றுக்கும் சனங்கள் நடந்தே போய்வரும்படி ஊரை அமைக்க வேண்டும். அதில் முதலாவது, மேல் டிவிஷன் லய வீடுகளிலிருந்து தேயிலைக்குள் இறங்கி டவுனுக்குப் போகும் இந்தக் குறுக்கு வழி. கொங்கிரீட் படி, கைபிடி, விளக்கு எல்லாம் வரும்.

"ரோட்டால சுத்திப் போனா மூனு மடங்கு தூரம். பேய்க்குப் பயந்துகிட்டா சுத்துறீங்க?"

"எங்க சனம் அப்படித்தாங்க."

"பேய்க்குத்தான் கால் தரையில பாவாதே சேர். அதுக்கு எதுக்குக் கொங்கிரீட் படி?" என்றாள் லயத்து வாசலில் நின்ற ராசம்மா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நிரஞ்சனுக்குக் கோபம் வந்தது. "ஆள் நடக்காத வழிக்குச் சபை படி கட்டாது. நாளைக்குக் கூட்டத்துல இந்தக் காசு வேற தோட்டத்துக்குப் போயிரும். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டோங்க," என்றார் யோகேஸ்வரன், சட்டென்று.

"சரி, நானே அதுல இறங்கிப் பார்க்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. "சப்பாத்தோட போகாதீங்க சேர்," என்றாள் ராசம்மா. "வழுக்கும்."

அவன் கேட்கவில்லை.

கொஞ்ச தூரம் இறங்கியதுமே மாலைப் பனிமூட்டம் தேயிலையை மூடிக்கொண்டது. அப்போதுதான் அவன் கவனித்தான். யாரும் நடக்காத பாதையில் ஒரு புல்கூட இல்லை. மண் வழவழவென்று அமுங்கிக் கிடந்தது. குனிந்து பார்த்தான். ஈரத்தில் கால்விரல்கள் பதிந்திருந்தன. புதுசு.

எதிரே, மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். தலையில் மூட்டை.

"யாரு?"

அவளுக்குப் பின்னால் குனிந்த தலையோடு ஒரு ஆள். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. மூன்று பேரும் நிரஞ்சனை உரசிக்கொண்டு போனார்கள். காலடிச் சத்தமே இல்லை. அவனுடைய சப்பாத்து மட்டும் டக், டக் என்றது.

வேகமாக நடந்தான். சத்தமும் கூடியது.

வளைவில் தனியாக ஒரு வீடு. அதன் கதவு திறந்தது. கையில் குப்பி விளக்கோடு மெலிந்த ஒரு பெண் வெளியே வந்தாள்.

"சர்மிளா, வந்துட்டியா?"

அவளுடைய பார்வை அவன் மேல் இல்லை. அவனுக்குப் பின்னால் இருந்தது.

"நனைஞ்சிட்டியா மக? வா, தேத்தண்ணி சூடாத்தான் இருக்கு."

அவள் ஈரப் படியில் உட்கார்ந்து, விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவன் முழங்கையைப் பிடித்தது.

யோகேஸ்வரன். உதட்டில் விரல். வெறுங்கால். இரண்டு செருப்பும் கக்கத்தில்.

"சப்பாத்தைக் கழட்டுங்க," என்றார், மூச்சளவில்.

அடிவாரத்துப் பீலித் தண்ணீரில் நாலைந்து பேர் கால் கழுவிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வந்துதான் யோகேஸ்வரன் வாய் திறந்தார்.

"அம்மாக்கண்ணு அக்காங்க. மக சர்மிளா டவுன்ல புடவைக் கடையில வேலை செஞ்சிச்சு. போன வருச மழையில வீட்டுக்கு வர்றப்ப ஓடை பெருகி அள்ளிட்டுப் போயிருச்சு. ஒடம்பு கெடைக்கல. செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், அக்கா வாசலுக்கு வந்துருவாங்க. பிறகு விடியிற வரைக்கும் பனியில உக்காந்திருப்பாங்க. போன மாசம் நெஞ்சுச் சளி கட்டி, பொழைச்சதே பெருசு."

"மேல லயத்துல கொண்டு வச்சா?"

"வர மாட்டாங்க. மக வந்து தேடுமாம்."

"அப்ப, பேய்ன்னு சொன்னது?"

"வெளியாளுங்க சப்பாத்தோட வருவாங்கல்ல. அதுக்குத்தான்."

நிரஞ்சன் மேலே பார்த்தான். மூட்டத்துக்குள் குப்பி விளக்கு இன்னும் எரிந்தது.

"இன்னைக்கு?"

"ராசம்மா போயிருக்கு. விடியிற வரைக்கும் கூட உக்காந்திருக்கும்."

மறுநாள் கூட்டத்தில் சபைத் தவிசாளர் கேட்டார். "மேல் டிவிஷன் குறுக்கு வழி என்னாச்சு?"

"அது வேணாம் சேர். சுத்து ரோட்டு ஓரமா நடைபாதை போடுவோம்."

"ஏன், அங்க பேய் இருக்குன்னு அந்தச் சனங்க சொல்றத நீங்களும் நம்புறீங்களா?"

நிரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நேத்து நேர்லயே பார்த்தேன் சேர். ஒருத்தருக்குக்கூட கால் தரையில பாவல."