மலைக்குப் போகும் பெட்டி

“இந்த மாசக் கடைசிக்குள்ள கேமரா மலைக்குப் போயாகணும். இல்லேன்னா தொலைநோக்கியில நம்ம இடத்தை வேற யாருக்காவது தூக்கிக் கொடுத்துடுவாங்க!”

திட்ட மேலாளரான அவள் போட்ட போட்டில் ஆய்வுக்கூடமே பம்பரமாய்ச் சுழன்றது. மாதம் முடியும் முன்பே, ஆணியடித்த ஆளுயரப் பெட்டி வாசலில் நின்றது.

பெருமை பிடிபடாமல் அவள் மலைக்கு போன் போட்டாள். “சார், கேமரா ரெடி. நாளைக்கே அனுப்பிடவா?”

மறுமுனையில் தொலைநோக்கி இயக்குநர் பதறினார். “அதுக்குள்ளேயா! நீங்க எப்படியும் இழுத்தடிப்பீங்கன்னு நிஜத் தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடி தேதியா சொல்லிட்டேம்மா. இங்க கட்டடத்துக்கு இன்னும் கூரையே போடலை.”

“இப்படியா சார் பொய்த் தேதி சொல்லுவீங்க?” என்று பொரிந்து தள்ளிவிட்டுத் திரும்பினாள். லென்ஸ் பொறியாளர் வியர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார்.

“அப்போ, நாளைக்கு அனுப்பலையா மேடம்?”

“இல்லை. அவர் சொன்ன தேதிக்கே இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. உங்ககிட்ட நான்தான் அதைக் குறைச்சுச் சொல்லி வச்சேன்” என்று அசடு வழிந்தாள்.

“அது தெரியும் மேடம். ஒவ்வொரு தடவையும் இதே ரெண்டு மாசம்தானே!” அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அந்தத் தைரியத்துலதான் இப்போதைக்குப் பெட்டியை மட்டும் செஞ்சோம்.”