தெரியவில்லை என்று சொன்ன பெட்டி

தாட்சாயிணியின் கணினித் திரையில் ஒரு பரிந்துரைப் பெட்டி இருந்தது. லிஸ்ப் என்ற கணினி மொழியில் நிரல் எழுதும்போது அவள் இரண்டெழுத்து தட்டினால், மீதிச் சொல்லை அது ஊகித்துக் காட்டும். திறந்திருக்கும் பக்கத்தில் உள்ள சொற்கள்தான் அதற்குத் தெரியும் என்பதால், அடிக்கடி தப்பாகக் காட்டியது. வலது கையில் கட்டுப் போட்டிருந்த அவள், இடது கையால் அழித்து அழித்துக் களைத்துப்போனாள்.

"இன்னொரு தடவை தப்பாச் சொன்னா உன்னைத் தூக்கிடுவேன்" என்று முணுமுணுத்தபடி, அடைப்புக்குறியைத் திறந்து மறுபடி இரண்டெழுத்து தட்டினாள்.

பெட்டி இந்தத் தடவை ஊகிக்கவில்லை. திரையின் பக்கத்துச் சன்னலில் ஓடிக்கொண்டிருந்த, தாட்சாயிணி எழுதிய நிரலைக் கூப்பிட்டது.

"அக்கா, எனக்குத் தெரியலை. இவங்க உங்களுக்குள்ள எழுதி வச்ச ஃபங்ஷன் பேரெல்லாம் உங்ககிட்ட இருக்குமே, கொஞ்சம் சொல்றீங்களா?"

நிரல் தன் பெரிய கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பெயர்களைச் சொன்னது. பெட்டி சரியான சொல்லைக் காட்டியது.

"அப்பாடா, என் கை பிழைச்சுது! ரொம்ப நன்றி" என்று தாட்சாயிணி சிரித்தாள்.

"அக்கா, அந்த நன்றி உங்களுக்குத்தான் சேரணும்" என்றது பெட்டி.

"நான்தான்ப்பா உனக்குச் சொல்லணும்" என்றது நிரல். "எல்லாரும் என்னை ஓடு, நில்லுன்னுதான் சொல்வாங்க. என்கிட்ட ஒண்ணு கேட்டது நீதான்."