அறுபத்து நான்காவது வீடு

ஒலிப்பதிவு தொடங்கியதும் முதலில் கேட்டது ஓர் இருமல்.

ஆய்வு மாணவிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உலகத்தில் எத்தனையோ பேர் இருமுகிறார்கள். ஆனால் இருமி முடித்ததும் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று இருமலுக்கே சமாதானம் சொல்கிறவள் ஒருத்திதான்.

அம்மா.

கோப்பில் பெயர் இருக்காது, வீட்டின் எண் மட்டும்தான் இருக்கும். களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவள் அறையில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்வாள். ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்க முடியும் என்ற நிலையில் இருந்த குடும்பங்கள் எந்தப் பிள்ளையைப் படிக்கவைத்தன, ஏன்? அதுதான் அவளுடைய ஆய்வு. ஐந்து வருடமாக அதைத்தான் தின்று, அதையே குடித்துக்கொண்டிருந்தாள்.

இது கடைசிக் கோப்பு. வெள்ளிக்கிழமை ஆய்வேடு அச்சுக்குப் போக வேண்டும்.

தெரிந்தவர் குரல் வந்தால் உடனே நிறுத்திவிட்டுப் பேராசிரியரிடம் சொல்ல வேண்டும் என்று சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவள் எழுந்தாள். கதவுவரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பெற்ற தாய் முன்பின் தெரியாத ஆளிடம் நம்மைப் பற்றி என்ன பேசுவாள் என்று கேட்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கதவைச் சாத்திவிட்டுப் பதிவை ஓடவிட்டாள்.

அம்மாவின் பேச்சுக்குப் பின்னால் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்காதான், வேறு யார்? பதினைந்து வயதில் அதன் முன்னால் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்தபாடில்லை.

அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தன் மண்டையில் இருப்பது களிமண் என்று அக்காவே சொல்வாள், சொல்லிவிட்டு முதல் ஆளாகச் சிரிப்பாள். தங்கையும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமே அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்ததுதான். அறுபத்து மூன்று வீடுகளில் நாற்பத்தொன்றில், படிக்காமல் போன பிள்ளைக்குப் பதிவாகியிருந்த காரணம் 'படிப்பு ஏறவில்லை'. ஆக, பெற்றோர் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்று முப்பது பக்கத்துக்கு வாதாடியிருந்தாள். லேசில் யாரையும் பாராட்டாத பேராசிரியர்கூட அந்த அத்தியாயத்தைப் பாராட்டினார்.

களப்பணியாளர் அந்தக் கேள்விக்கு வந்துவிட்டார். இரண்டு பெண்களில் சின்னவளை மட்டும் கல்லூரிக்கு அனுப்பியது ஏன்?

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். தன் பெருமையைக் கேட்கப் போகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

"மார்க்கு பாத்தா பெரியவதாங்க. எல்லாத்துலயும் அவதான் முதல்ல வருவா. சின்னது நோஞ்சான், மிஷின்ல உக்கார வச்சா ரெண்டு நாள் தாங்காது. வேலைக்கு ஆகிறவள வேலைக்கு வச்சுக்கிட்டோம். மிஞ்சினத காலேஜுக்கு அனுப்பினோம்."

மிஷின் நின்றது.

அக்காவின் குரல் கேட்டது. அதில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது.

"அம்மா சொன்னத எழுதாதீங்க சார். எனக்குப் படிப்பு ஏறலன்னே போட்டுக்கங்க. எங்க சின்னது உங்க காலேஜ்லதான் இருக்கு. அது காதுக்குப் போக வேணாம், பாவம்."

அவளுக்கு முகம் எரிந்தது. அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. எத்தனை முறை கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுதக் கூடாது. அந்த விதியை அவள் ஒருநாளும் மீறியதில்லை. பதிவில் 'இது வேணாம்' என்று யாராவது சொன்னால் உடனே அந்த இடத்தை வெட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். அப்படி எத்தனை வீடுகளில் வெட்டினாள், வெட்டியதில் என்ன இருந்தது? யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

இதையும் வெட்டினாள். காரணம் என்ற கட்டத்தில் அக்கா சொன்னதையே போட்டாள். நாற்பத்தொன்று நாற்பத்திரண்டு ஆனது. அவளுடைய வாதம் இன்னும் கொஞ்சம் பலமானது.

பேராசிரியர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கடைசிக் கோப்பு முடிந்ததா, அச்சகத்துக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

நான்காம் அத்தியாயம் போக வேண்டாம் என்றாள் அவள். அந்த நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் தானே திரும்பப் போய், படிக்காமல் போனவர்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். அதற்கு இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திடீரென்று இப்போது என்ன வந்தது என்று இரண்டு முறை கேட்டார்.

உள்ளதைச் சொன்னால் ஒரே நிமிடத்தில் புரிந்துகொள்வார். மெச்சக்கூடச் செய்வார். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"என் தப்புதான் மேடம். நான் சரியாக் கேக்கல."

பேராசிரியர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்தப் பெண்ணைப் பற்றி இத்தனை நாளும் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்கிற பார்வை.

அவள் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.