இன்னொரு யுகுலேலே எதற்கு

சுவரில் தொங்கியதிலேயே பெரியதைக் கை நீட்டிக் காட்டினேன்.

கடைக்காரர் அதை இறக்குவதற்குள் என் மனைவி எனக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். இடுப்பில் கை. ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, வீட்ல இருக்கறதையே ஒழுங்கா வாசிக்கத் தெரியல. அதுக்குள்ள இன்னொண்ணு எதுக்காம்?"

கேள்வி நியாயமானதுதான். முதல் யுகுலேலே வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாலே நாலு தந்தி, கிதாருக்குத் தம்பி மாதிரி ஒரு சின்னப் பெட்டி. அதில் எனக்கு மூன்று கார்ட் பிடிக்கத் தெரியும். அதாவது விரல்களை மூன்று விதமாக வைக்கத் தெரியும். மூன்றாவதுக்குப் போகும்போது மோதிர விரல் மக்கர் பண்ணும். அதைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் பாட்டு என்னை விட்டுவிட்டுப் போய்விடும்.

அதனால் என்ன? கற்றுக்குட்டிக்கு ஆசை வரக் கூடாது என்று எங்காவது சட்டம் இருக்கிறதா?

அவள் விடவில்லை. பழையது அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கிறதாம். இதுவும் அதோடு ஜோடி சேரப் போகிறதாம். ஆசை ஆசையாக வாங்கிய நடைப்பயிற்சி மிஷினில் இப்போது என் சட்டைகள்தான் காய்கின்றனவாம். எல்லாம் உண்மை. அதற்காக நடுக்கடையில் வைத்தா போட்டு உடைப்பது? பக்கத்தில் கீபோர்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பழையதை நான் ஏன் தொடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

அதன் சத்தம் எனக்குக் கேட்பதில்லை.

நெசவு மில்லில் தறிகளுக்கு நடுவே நின்றே எனக்குத் தலை நரைத்தது. காது எப்போது போகத் தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் குருவிகள் போயின. பிறகு வாசல் மணி. அப்போதுதான் வீம்புக்குப் போய் யுகுலேலே வாங்கினேன். போகிற காது என் கையால் ஒரு பாட்டையாவது கேட்டுவிட்டுப் போகட்டும் என்று. அது காத்திருக்கவில்லை. மற்றவர்கள் பேச்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஆனால் ஒருவருக்கும் தெரியவில்லை. தறிச் சத்தத்தில் எவர் காதிலும் எதுவும் விழாது. அங்கே குரல் எழுப்புவது வீண். வாயை நன்றாக அசைப்போம், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அவளும் கல்யாணத்துக்கு முன்பு எனக்கு அடுத்த வரிசைத் தறியில் இருந்தவள்தான். ஆக, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தால் எனக்குப் போதும். எல்லாக் கேள்விக்கும் டக்டக்கென்று பதில் சொல்லிவிடுவேன்.

அவளிடம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொன்னால் பாவம் பார்ப்பாள். அவள் திட்டினால் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். பாவம் பார்த்தால் எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

கடைக்காரர் பெரியதை என் கையில் கொடுத்தார். மார்போடு அணைத்துக்கொண்டு, கட்டைவிரலால் மேல் தந்தியைச் சுண்டினேன்.

நெஞ்சுக்குள் யாரோ தொண்டையைச் செருமியது போலிருந்தது.

முதல் கார்ட். இரண்டாவது. மூன்றாவதுக்குப் போனேன். மோதிர விரல் தப்பான இடத்தில் போய் விழுந்தது. அட, அந்தத் தப்பு எனக்கு விலா எலும்பில் தெரிந்தது! என் தப்பை நானே கண்டுபிடித்து எவ்வளவு காலமாயிற்று! சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் பாவனை செய்து சமாளித்தேன்.

"இதுதான். முடிவு பண்ணியாச்சு" என்றேன்.

மறுபடி பிடித்துக்கொண்டாள். அது வீடா இல்லை மியூசிக் கடையா என்றாள். இந்த வயதில் இப்படி ஒரு பிடிவாதம் ஆகாது என்றாள். எங்கே வைப்பதாக உத்தேசம், தன் தலையிலா என்றாள். நானும் சளைக்கவில்லை. இடமிருந்தால் அங்கேயே வைக்கிறேன் என்றேன். ஊர் பார்க்க மானத்தை வாங்குகிறாளே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கையில் இருந்ததைக் கீழே வைக்கவில்லை. யார் வந்து சொன்னாலும் வைப்பதாகவும் இல்லை.

அவள் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்துக் கடைக்காரர் என் பக்கம் குனிந்தார். முகத்தில் அப்படி ஓர் இரக்கம். அவர் உதட்டைப் பார்த்தேன்.

"தப்பா நினைக்காதீங்க சார். அம்மாவுக்குப் பேச்சு வராதா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு நேரம் இந்த மனிதர் எங்கே நின்றுகொண்டிருந்தார்?

அவளைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்த வசவுக்குத் திறந்த வாய் அப்படியே நின்றிருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட முழி.

அப்புறம்தான் உறைத்தது. அத்தனை திட்டையும் குரலே இல்லாமல் திட்டியிருக்கிறாள். தறிக்கு நடுவே பேசுவதுபோல, வெறும் வாயசைப்பில். நடுக்கடையில் வேறு ஒருவர் காதிலும் விழாமல், என்னை மட்டும்.

இங்கே மட்டும்தானா? வீட்டிலுமா? எவ்வளவு நாளாக?

வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. கையில் யுகுலேலே இருந்ததால் அதையே இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

அவள் என்னை ஒரு முறை முறைத்தாள். அந்தப் பார்வையில் பாவம் என்பது மருந்துக்கும் இல்லை. பிறகு கடைக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"பெருசையே கட்டிக் குடுங்க."

கடைக்காரர் திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனார். கடையே எங்களைத் திரும்பிப் பார்த்தது.