மூன்று கால் குதிரை

ஹார்ட்விக் கணினியில் 614/2 என்று தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இணையச் சந்தை கொஞ்சம் யோசித்தது. பிறகு, அப்படி எதுவும் இல்லை என்றது.

பதினோரு வருடமாக அதே தபால்தலை எண், அதே பதில்.

மறுநாள் தபால்தலைச் சங்கத்தின் கண்காட்சி. அவருடைய ஆல்பத்தில் நாற்பத்தொரு பக்கங்கள். அதில் ஒரே ஒரு கட்டம் காலி. நடுவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். சங்கத்துத் தோழர் டெட்லெஃப் கூட்டத்துக்குக் கூட்டம் பீர் குவளையோடு வந்து அதன் முன்னால் நின்று தோளைக் குறுக்கிக்கொள்வார்.

"ஜன்னலை இன்னும் சாத்தலையா? குளுருதப்பா!" என்பார், காலிக் கட்டத்தைக் காட்டி.

தேடலில் ஹார்ட்விக் குறை வைத்ததில்லை. எண்ணுக்கு நடுவே கோடு போட்டுத் தேடினார், கோடு போடாமல் தேடினார். விற்கிறவன் தூக்கக் கலக்கத்தில் எண்ணைத் திருப்பி எழுதியிருப்பானோ என்று 641, 416 என்றெல்லாம் தேடினார். அல்பேனியாவின் 614 வந்தது. பொலிவியாவின் 614 வந்தது. ஒருமுறை துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் வளையம் ஒன்று அதே எண்ணோடு வந்து நின்றது. கை பழக்கத்தில் அதையும் வாங்கிவிட்டார். வீட்டு இயந்திரத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அவருடைய தேடலால் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

தபால்தலை விஷயத்தில் அவர் அவ்வளவு கறார். காதலித்த காலத்தில் மனைவி இர்ம்ட்ராவுட்டுக்கு எழுதிய நாற்பத்து மூன்று கடிதங்களில் ஒன்றில்கூட அவர் தபால்தலை ஒட்டவில்லை. நல்ல தபால்தலையை நாக்கால் நக்கிக் கெடுப்பானேன்? வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தின் தபால் இயந்திரத்தில் சிவப்பு முத்திரை குத்தியே எல்லாவற்றையும் அனுப்பினார். இதை வருடம் தவறாமல் சங்கத்தில் சொல்வார். சங்கமும் வருடம் தவறாமல் சிரிக்கும்.

இர்ம்ட்ராவுட் பிளம் பழ கேக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தத் தபால்தலையில என்ன படம், ஹார்ட்விக்?"

"அறுநூத்திப் பதினாலு. ரெண்டாம் வகை."

"நான் படத்தைக் கேட்டேன்."

பதினோரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவரும் கேட்டுக்கொண்டதில்லை. அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"குதிரைத் தபால்காரன். நீலம். ரெண்டாம் வகையில அச்சுத் தகடு கீறிப்போயி, குதிரைக்குப் பின்னங்கால் ஒண்ணு கிடையாது."

"மூணு கால் குதிரையா?"

"அது ஒரு அச்சுப் பிழை, இர்மி. குதிரைக்கு ஒண்ணும் ஆகலை."

அவள் சிரிக்கவில்லை. பிறகு மாடிக்குப் போனாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. கடைசியாகக் கத்தரிக்கோல் கேட்டது.

அவள் இறங்கி வருவதற்குள் அவர் அவளுடைய கேக்கையும் தின்றிருந்தார்.

கடித உறையிலிருந்து சதுரமாக வெட்டிய ஒரு துண்டை அவள் ஆல்பத்தின் மேல் வைத்தாள்.

நீலம். குதிரை. மூன்று கால்.

பதினோரு வருடம் தேடிய பொருள் கைக்கு வந்தால் மனிதன் ஆனந்தக் கண்ணீர் விடுவான். ஹார்ட்விக் கத்தினார்.

"கத்தரிக்கோலா! அடிப்பாவி, முழு உறையோட இருந்தா இதோட மதிப்பே வேற! உறையில்லாத தபால்தலை தலையில்லாத மீன்னு நான் எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்? மீதி எங்க? தூக்கிப் போட்டுட்டியா?"

"பத்திரமா இருக்கு. அம்பத்தஞ்சு வருஷமா."

"போய்க் கொண்டு வா! சேர்த்து வச்சா டெட்லெஃப் செத்தான் நாளைக்கு!"

அவள் உடனே போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அவர் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். காலை எண்ணினார்: மூன்று. ஓரத்துப் பற்களை எண்ணினார்: ஒன்றும் உடையவில்லை. கடைசியாக, குதிரையின் முதுகில் விழுந்திருந்த தபால் முத்திரைக்கு வந்தார். கறுப்பு மை, வட்டம் முழுசாக, எழுத்துகள் துல்லியம். நடுவர்கள் உயிரை விடுவார்கள் இப்படி ஒரு முத்திரைக்கு.

ஃப்ளென்ஸ்பர்க். 13 மே 1970.

ஃப்ளென்ஸ்பர்க் பக்கமே அவர் போனதில்லை. அந்த மே மாதம் இருபத்திரண்டாம் தேதி அவர்களுக்குத் திருமணம்.

யாரோ ஒருவன் தபால்தலையை நக்கி ஒட்டியிருக்கிறான். கொஞ்சம் சாய்வாக, அவசரத்தில் ஒட்டியதுபோல.

"உறையைக் கொண்டு வரட்டுமா, ஹார்ட்விக்?" என்றாள் இர்ம்ட்ராவுட். குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. "உள்ள கடுதாசியும் இருக்கு."

ஹார்ட்விக் லென்ஸைக் கழற்றினார். லென்ஸ் இல்லாமல் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடுக்கியால் அந்தத் துண்டை எடுத்துக் காலிக் கட்டத்தில் வைத்தார். அது அளவாக உட்கார்ந்தது.

"வேணாம், இர்மி. தனியா இருந்தாலே போதும்."