ஓடாத ஏசி

“எந்தக் கம்பெனி ஏசி ரிப்பேரே ஆகாதுன்னு நீங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள வெயில் காலமே முடிஞ்சிடும்” என்றாள் மனைவி. அவள் தோளில் கிடந்த கைக்குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.

அவள் சொன்னதில் தப்பில்லை. துடைப்பம் வாங்கவே நாலு கடை ஏறி இறங்கி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அபிப்பிராயம் கேட்கிற மனுஷன் அவன். அலுவலகத்தில் அவனுக்கு ‘ஆராய்ச்சி’ என்றே பேர். ஏசி என்றால் சும்மா விடுவானா?

“அவசரப்பட்டு வாங்கிட்டு, அப்புறம் மெக்கானிக் பின்னாடி அலையச் சொல்றியா?”

“அலையுங்க. குழந்தையாவது தூங்கும்.”

பிறந்ததிலிருந்து அது நிம்மதியாகத் தூங்கவில்லை. படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்து, அதன் ஓரமாகத் தொட்டிலைப் போட்டிருந்தார்கள். வருகிற காற்றை நம்பித்தான் பொழுது ஓடியது. காற்று நின்றால் அழுகை. அந்த அழுகையைக் கேட்கும்போதெல்லாம் அவனும் எழுந்து விசிறியால் வீசத்தான் செய்தான். ஆனாலும் விசாரிக்காமல் எப்படி வாங்குவது?

சட்டையை மாட்டிக்கொண்டு கீழ் வீட்டுக்கு இறங்கினான்.

கீழ் வீட்டில் தையல்காரம்மா. நல்ல வேலைக்காரி, ஆனால் வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அளவெடுக்கும்போது யாராவது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால், “மூச்சை விடுங்க, துணிதான் கிழியும்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவாள்.

போன வருஷம் ஆசை ஆசையாக வாங்கிய ஏசி அவள் தலைக்கு மேலே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. டேபிள் ஃபேன் கரகரவென்று சுற்ற, கழுத்தில் ஈரத்துண்டோடு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்க ஏசி எப்படி? அந்தக் கம்பெனி வாங்கலாமா?”

மிஷின் நின்றது. “குழந்தை தூங்குதா?”

“இப்பத்தான் கண்ணசந்தான். ஏசியைப் பத்திக் கேட்டேனே.”

“போன வருஷம் ஜம்முனு ஓடிச்சு. இந்த வருஷம் போடறதில்ல.”

“ஏன், ரிப்பேரா?”

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ரிப்பேர்னே வெச்சுக்குங்களேன்.”

அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருக்குமா, ஆராய்ச்சி ஆயிற்றே. ஏமாந்தவர்கள் யார் வாய்விட்டு ஒத்துக்கொள்கிறார்கள்?

படியேறும்போது எதிரே வந்த மூணாம் மாடி வாத்தியாரை நிறுத்தினான். “சார், அந்தக் கம்பெனி பக்கமே போயிடாதீங்க. ஒரே வருஷத்துல படுத்துடுச்சு. கீழ் வீட்டுல போய்ப் பாருங்க, பொம்மை மாதிரி தொங்குது.” அதே ஏசிக்குச் சொல்லி வைத்திருந்த வாத்தியார், பாவம், அன்றைக்கே வேண்டாம் என்று கடைக்குப் போன் போட்டுவிட்டார்.

“பாத்தியா, நாலு பேரைக் கேட்டா இதுதான் லாபம்” என்று மனைவியிடமும் பீற்றிக்கொண்டான். “அக்கா மாதிரி நாமளும் ஏசிக்குக் கீழ உக்காந்து ஃபேன் போட்டுக்கணுமா?”

“சிரிக்காதீங்க. அவங்க உடம்பெல்லாம் வேர்வையில ஊறிப்போயிருக்கு.”

ஒரு வழியாக வேறொரு கம்பெனி ஏசி வந்து இறங்கியது. மாட்ட வந்த மெக்கானிக், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கீழே பார்த்தார்.

“வெளி யூனிட்டை இந்தச் செவத்துல வெக்க வேணாம் சார். கீழ் வீட்டோடது நேர் கீழ இருக்கு. அந்தச் செவத்துல வெச்சிடறேன்.”

“அந்த ஓட்டை ஏசிதானே? அது எங்க ஓடுது” என்றான் ஆராய்ச்சி, சிரித்துக்கொண்டே.

மெக்கானிக்குக் கோபமே வந்துவிட்டது. “யார் சார் சொன்னது? நான்தான் அதுக்கு சர்வீஸ் பண்றேன். போன வாரம்கூடப் போட்டுப் பார்த்தேன், கல்லு மாதிரி இருக்கு. எனக்குத் தெரிஞ்சு நல்லா உழைக்கிற கம்பெனியே அதுதான்.”

“அப்ப கரண்ட் பில்லுக்குப் பயம். கஞ்சத்தனத்துக்கு ரிப்பேர்னு பேரு வெச்சுட்டாங்க.” ஆராய்ச்சிக்கு முடிவை மாற்றிக்கொள்ள அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மெக்கானிக் வேலையை முடித்துக் கிளம்பினார். மனைவி ஜன்னலைச் சாத்தினாள். அறை குளிர்ந்தது. குழந்தை கையைக் காலைப் பரப்பிக்கொண்டு அப்படியொரு தூக்கம் தூங்கியது. பார்க்கப் பார்க்க அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். தையல்காரம்மா. கழுத்தில் அதே ஈரத்துண்டு. என்றைக்கும் இல்லாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“குழந்தை தூங்குதா?”

“நல்லாத் தூங்கறான்க்கா. உள்ள வாங்க.”

“இருக்கட்டும். ஏசி வந்தாச்சு, இனிமே அந்த ஜன்னலைச் சாத்தியேதானே வெச்சிருப்பீங்க?”

“ஆமாக்கா. ஏன்?”

தையல்காரம்மா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப நான் போய் என்னோட ஏசியைப் போட்டுக்கறேன் தம்பி. அதோட அனலும் சத்தமும் நேரா உங்க ஜன்னலுக்குத்தான் ஏறி வரும். சொன்னா நீங்க ஜன்னலை மூடிக்கிட்டுப் புழுங்குவீங்க. பச்சப்புள்ள படுத்திருக்கேன்னுதான் இத்தனை நாளா நிறுத்தி வெச்சிருந்தேன்.”